ராமநாதபுரம் கரையோரம் குடும்பத்தோடு கேம்பிங்: மணலில் புதைந்த காரை மீட்க எதை, எந்த வரிசையில் வாங்குவது?

அரியமான் சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் ஒரு கார், முன்சக்கரம் பாதி மணலுக்குள் இறங்கி நின்றது. பிள்ளைகள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். டிக்கியில் உறை பிரிக்காத புது இழுவைக் கயிறு இருந்தது. கட்டி இழுக்க இன்னொரு வண்டி கிடையாது. டயரில் 35 பி.எஸ்.ஐ. காற்று. அதை 18க்கு இறக்கி, சக்கரத்தைச் சுற்றியிருந்த மணலைக் கையாலேயே வாரிப் போட்டோம். கார் வந்த தடத்திலேயே பின்னால் ஏறிவிட்டது. கயிறு உறையை விட்டு வெளியே வரவேயில்லை.

இதையே வேறு வேறு கார்களோடு பல தடவை பார்த்துவிட்டேன். புதிதாகக் கிளம்புபவர்கள் கயிற்றில் தொடங்குகிறார்கள். கயிறு வரிசையில் கடைசியாக வர வேண்டியது. கீழே உள்ளது ஒற்றை வண்டியில், பிள்ளைகளோடும் பெரியவர்களோடும், தார்ச்சாலையை விட்டுச் சில நூறு மீட்டர் மண்பாதையில் இறங்கி ஓர் இரவு தங்கப் போகும் குடும்பத்துக்கானது. மலையேறும் ஜீப்காரர்களுக்கு வேறு பட்டியல் வேண்டும்.

1. முதலில் மண், அப்புறம்தான் கடை

போகிற இடத்தின் மண் தெரியாமல் சாமான் வாங்கினால் பாதிப் பணம் வீண். உச்சிப்புளி, அரியமான், பாம்பன் பக்கம் காய்ந்த பொடிமணல். சாயல்குடி, நரிப்பையூர் பக்கத்துப் பனங்காட்டுப் பாதைகளும் மணல்தான். அங்கே டிராக்டர் தடம் ஆழமாக விழுந்து நடுவில் மேடு எழும்பியிருக்கும். தாழ்ந்த கார்களின் அடிவயிறு அந்த மேட்டில் உட்கார்ந்துகொள்ளும். சக்கரம் சும்மா சுற்றும்.

கடலாடி, முதுகுளத்தூர் என்று உள்ளே திரும்பினால் கரிசல். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரிசல் பாதையில் குடும்பத்தோடு இறங்காதீர்கள். சேறு டயர் பட்டனுக்குள் அப்பிக்கொண்டு டயரையே வழவழப்பாக்கிவிடும். காற்றை இறக்கினாலும் அதற்குப் பெரிய பலன் கிடையாது. நான் அந்தப் பக்கத்துக்கென்று எந்தச் சாமானும் சொல்லப்போவதில்லை. காய்ந்த பிறகு போங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது உப்புத்தரை. வாலிநோக்கம் உப்பளங்களின் ஓரம், காரங்காடு அலையாத்திக் காட்டின் ஓரம், தனுஷ்கோடிச் சாலையை ஒட்டிய தண்ணீர்ப் பள்ளங்களின் கரை. மேலே வெள்ளையாக, பலகை மாதிரி கெட்டியாகத் தெரியும். ஆள் நடந்தால் தாங்கும். ஒன்றரை டன் வண்டி ஏறினால் மேல் ஓடு உடைந்து, அடியிலிருக்கும் கருப்புச் சேற்றுக்குள் இறங்கும். ஒரு குச்சியைக் குத்தி எடுத்துப் பாருங்கள். நுனியில் ஈரக் கருப்பு மண் ஒட்டி வந்தால் திரும்பிவிட வேண்டியதுதான்.

காற்றும் கணக்கில் சேரும். மண்டபம், பாம்பன் மீனவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். வாடைக் காற்றில் வடகடலும் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் தென்கடலும் கரைமேல் ஏறி வரும். நம் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் கரை தட்டையாக இருப்பதால் ஒரு சாண் தண்ணீர் ஏறினாலும் வெகுதூரம் உள்ளே வந்துவிடும். ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவது என்று அந்த ஊர்க்காரரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.

இன்னொன்று. போகக்கூடாத இடத்தில் புதைந்தால் மீட்பதைவிடப் பெரிய சிக்கல் வரும். மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் கேம்பிங்குக்கான இடங்கள் அல்ல. தனுஷ்கோடியில் 2025ல் பூநாரைச் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். சாலையை விட்டு இறங்காதீர்கள், இரவு தங்கவும் அங்கே விடுவதில்லை. அடம்பங்கொடியும் ராவணன் மீசையும் படர்ந்த மணல்மேட்டைச் சிதைப்பது கடலோர விதிப்படி தப்பு. வண்டிக்கும் அதைவிட மெத்தென்ற மணல் வேறெங்கும் கிடையாது. ஜனவரியிலிருந்து ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம், அலையோரத்தில் வண்டி வேண்டாம். நல்ல வழி, உச்சிப்புளி அல்லது பெரியபட்டினம் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவரிடம் அனுமதி கேட்டுத் தோப்புக்குள் தங்குவது. பாதை தெரியும், தண்ணீர் கிடைக்கும், கூப்பிட்டால் ஆளும் வரும்.

2. உங்கள் வண்டியிடம் நான்கு கேள்விகள்

எந்தச் சக்கரம் இழுக்கிறது? ஸ்விஃப்ட், எர்டிகா, கிரெட்டா போன்றவை முன்சக்கரத்தில் இழுப்பவை. பொலேரோவும் இன்னோவா கிரிஸ்டாவும் பின்சக்கரத்தில் இழுப்பவை. இது தெரியாமல் மணலில் பிடிப்புக்காகச் செருகும் பலகையைச் சும்மா உருளும் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு அரைமணி நேரம் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்சக்கர வண்டியில் 20 லிட்டர் தண்ணீர் கேனைப் பின்னால் ஏற்றாமல் முன்சீட்டில் பக்கத்தில் உட்காருபவர் கால்வைக்கும் இடத்தில் வையுங்கள். டிக்கியில் பாரம் கூடக்கூட முன்சக்கரத்தின் பிடி குறையும்.

டோ ஹூக், அதாவது இழுவைக் கயிறு மாட்டும் கொக்கி, எங்கே? பெரும்பாலான சின்னக் கார்களில் அது ஜாக்கியோடு ஒரு பையில் தனியாக இருக்கும். பம்பரில் ஒரு சின்ன மூடியை நெம்பி எடுத்து, உள்ளே திருக வேண்டும். சில வண்டிகளில் மரை எதிர்ப்பக்கமாகத் திருகும். வீட்டு வாசலிலேயே ஒரு தடவை முழுக்கத் திருகிப் பாருங்கள். பழைய கார் வாங்கியவர்களின் பையில் அந்த ஹூக்கே இல்லாமல் போயிருப்பதும் உண்டு.

ஆளும் சாமானும் ஏறியபின் வண்டி எவ்வளவு எடை? கையேட்டில் மொத்த எடை என்று போட்டிருப்பார்கள். கயிறு வாங்கும்போது இந்த எண்தான் வேண்டும்.

ஸ்டெப்னி முழு அளவா, ஒல்லியான தற்காலிக டயரா? ஒல்லி டயர் மணலில் கத்தி மாதிரி இறங்கும். அதைத் தார்ச்சாலைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டு, பஞ்சர் ஒட்டும் சாமானைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. காற்று: முதல் பணம் இதற்குத்தான்

காற்றை இறக்கினால் டயர் தரையில் படும் இடம் நீளமாகும். அதே எடை கூடுதல் இடத்தில் பரவுவதால் டயர் மணலை வெட்டிக்கொண்டு இறங்காமல் மேலே மிதந்து போகும். இதற்கு வேண்டியவை இரண்டு: ஒரு காற்று கேஜ், ஒரு கம்ப்ரஸர். கேஜ் இல்லாமல் இறக்கக் கூடாது, கம்ப்ரஸர் இல்லாமலும் இறக்கக் கூடாது. முதலாவது இல்லாவிட்டால் அளவு தெரியாது. இரண்டாவது இல்லாவிட்டால் அரைக் காற்றோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டிக்கொண்டு பங்க் தேட வேண்டியிருக்கும். வேகத்தில் டயர் சூடேறி வெடிக்கும்.

கேஜ் தனியாக வாங்குங்கள். கம்ப்ரஸரோடு ஒட்டி வரும் முள் பலவற்றில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. தப்பாகக் காட்டும். 35ல் அது பெரிய விஷயமில்லை. 16ல் அந்த மூன்று பி.எஸ்.ஐ. தப்பு டயரை ரிம்மிலிருந்து கழற்றிவிடலாம்.

கம்ப்ரஸர் வாங்கும்போது பெட்டியின் மேல் போட்டிருக்கும் பெரிய பி.எஸ்.ஐ. எண்ணைப் பார்க்காதீர்கள். கார் டயருக்கு 40க்கு மேல் தேவையே இல்லை. பார்க்க வேண்டியது வேறு. எத்தனை நிமிடம் ஓடலாம், எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா? நான்கு டயருக்கும் 18லிருந்து 33 வரை அடிக்க வேண்டும், அதுவும் மே மாத வெயிலில். சின்ன மெஷின்கள் இரண்டாவது டயரிலேயே கொதித்து நின்றுவிடும். அடுத்து, குழாயும் வயரும் பின்சக்கரம் வரை எட்டுமா? கடையிலேயே நீட்டிப் பாருங்கள். பேட்டரியில் ஓடும் கைக்கடக்க மெஷின்கள் பஞ்சரான ஒரு டயருக்குச் சரி. நான்கு டயருக்கு முன்பே சார்ஜ் தீர்ந்துவிட வாய்ப்பு அதிகம்.

சிகரெட் லைட்டர் பாயிண்டில் செருகும் வகை போதுமா? அந்தப் பாயிண்டின் ஃபியூஸ் பொதுவாக 10 முதல் 20 ஆம்பியர் வரைதான். 15 ஆம்பியர் என்றால் 12 வோல்ட்டில் 180 வாட். அதற்குள் இழுக்கும் மெஷின் சின்னக் காருக்கு ஓடும், கொஞ்சம் மெதுவாக. ஸ்கார்பியோ, மஹிந்திரா தார் அளவு டயர் என்றால் பேட்டரியில் நேரே கவ்வும் கிளிப் உள்ளதை வாங்குங்கள். எதுவானாலும் இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் காற்றடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ராத்திரி பேட்டரி இறங்கி நிற்கும்.

எவ்வளவு இறக்குவது? என் கணக்கு இது. கெட்டியான மண்பாதைக்கு 25. பொடிமணலுக்கு 18 முதல் 20. புதைந்தபின் வெளியே வர 15 அல்லது 16. சின்னப் பக்கச்சுவர் உள்ள பெரிய அலாய் டயர் என்றால் 20க்குக் கீழே போகாதீர்கள், ரிம் தரையில் இடிக்கும். 12க்குக் கீழே எந்த டயரையும் இறக்கக் கூடாது. இறக்கியபின் மெதுவாக ஓட்டுங்கள், ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாதீர்கள்; டயர் ரிம்மை விட்டுக் கழலுவது பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான்.

மணலுக்குள் போகும் முன்பே இறக்க வேண்டும். புதைந்தபின் இறக்கலாம் என்று வைத்திருப்பவர்கள்தான் அதிகம். பாதி இறங்கிய சக்கரத்தின் வால்வு மணலுக்குள் இருக்கும். படுத்துக்கொண்டு தோண்டித் தேட வேண்டும்.

4. மம்பட்டி

விலை உயர்ந்த மடக்கு ஷவல் வாங்காதீர்கள். அதன் கைப்பிடி குட்டை. வண்டிக்கு அடியில் எட்டாது, பத்து நிமிடத்தில் கீல் ஆடத் தொடங்கும். நம்மூர் மம்பட்டிதான் மணலுக்குச் சிறந்தது. நீங்கள் குனிந்து மணலை உங்கள் பக்கம் இழுக்க வேண்டும், தூக்கி எறிய வேண்டியதில்லை. காரின் அடிவயிற்றுக்குக் கீழே நீட்டி மணலை வெளியே இழுக்க அதைவிடத் தோதான சாமான் இல்லை.

காம்பு டிக்கியில் குறுக்கே படுக்கும் நீளத்தில் இருந்தால் போதும். தகடு அகலமானதாக, எடை குறைந்ததாக இருக்கட்டும். முனையில் ஒரு பழைய ரப்பர் குழாயைப் பிளந்து மாட்டி, சாக்கில் சுற்றி வையுங்கள். திடீர் பிரேக்கில் மம்பட்டி முன்னால் பறந்து வரக் கூடாது. கட்டித்தான் வைக்க வேண்டும்.

5. பலகை

மணலில் சக்கரத்துக்கு அடியில் செருகும் பல் வைத்த பிளாஸ்டிக் டிராக்‌ஷன் போர்டுகள், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்தில், ஜோடியாகக் கிடைக்கின்றன. ஒற்றை வண்டியில் போகிற குடும்பத்துக்குக் கயிற்றைவிட இது எவ்வளவோ மேல். இழுக்க இன்னொருவர் வேண்டாம். யாரும் அறுந்து பறக்கும் கயிற்றின் பாதையில் நிற்க வேண்டாம்.

வாங்கும்போது வளைத்துப் பாருங்கள். வளைந்து பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். கண்ணாடி மாதிரி விறைப்பாக இருக்கும் மலிவுப் பலகை, கார் ஏறியதும் நடுவில் உடைந்து கூரிய துண்டாகி டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். பற்கள் ஒரு விரல் உயரமாவது இருக்கட்டும். சுருட்டி வைக்கும் மெல்லிய பாய் வகையைச் சக்கரம் பின்னால் இழுத்துத் தள்ளிவிடும், அல்லது தன்னோடு சுற்றிக்கொள்ளும்.

பலகை கெடுவது சக்கரம் அதன்மேல் சுழலும்போது. உராய்வுச் சூட்டில் பல் உருகி வழவழப்பாகிவிடும். அதனால் சக்கரம் பலகையைக் கவ்வும்வரை மிக மெதுவாகத்தான் ஆக்ஸிலேட்டர் கொடுக்க வேண்டும். இரண்டு பலகையின் நுனியிலும் இரண்டு மீட்டர் சிவப்பு நைலான் கயிறு கட்டிவிடுங்கள். கார் ஏறிப் போனதும் பலகை மணலுக்குள் அமுங்கிக் காணாமல் போகும். கயிறு மட்டும் வெளியே தெரியும்.

பணம் இப்போது இல்லையா? நான்கு பழைய சணல் சாக்கு, வெட்டிய பச்சைத் தென்னை மட்டை, இவற்றோடு சமாளிக்கலாம். பல தடவை சமாளித்திருக்கிறேன். பிளாஸ்டிக் சாக்கு வேண்டாம், வழுக்கும். காய்ந்த பனை மட்டையும் வேண்டாம், அதன் கருக்கு ரம்பம் மாதிரி இருக்கும்.

6. முள்ளும் ஜாக்கியும்

இந்த மாவட்டத்தில் வண்டி நிற்பதற்கு மணல் ஒரு காரணம் என்றால் சீமைக் கருவேல முள் இன்னொன்று. வெட்டிப் போட்ட கிளை மணலுக்குள் மறைந்து கிடக்கும். டியூப்லெஸ் பஞ்சர் கிட் ஒன்று கட்டாயம்: துளையைப் பெரிதாக்கும் ரம்ப ஊசி, பட்டையைத் திணிக்கும் ஊசி, ரப்பர் பட்டை, பசை. முள்ளைப் பிடுங்க ஒரு குறடும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊசியின் கைப்பிடி டி வடிவில் உலோகமாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கைப்பிடி உள்ளே தள்ளும் வேகத்தில் முறியும். பட்டைகள் பழசாகி விறைத்துப் போகும், அவ்வப்போது மாற்றுங்கள். பக்கச்சுவரில் முள் ஏறியிருந்தால் ஒட்டாதீர்கள், ஸ்டெப்னி மாட்டிவிடுங்கள்.

முள் டயரில் தெரிந்தால் உடனே பிடுங்க வேண்டாம். பல சமயம் அதுவே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். காற்று இறங்குகிறதா என்று எச்சிலோ சோப்புத் தண்ணீரோ தடவிப் பார்த்து, கிட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பிடுங்குங்கள்.

காரோடு வரும் ஜாக்கியே போதும். அதன் அடியில் வைக்க ஓர் அடிச் சதுரத்தில் கெட்டிப் பிளைவுட் பலகை ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். மணலில் ஜாக்கி வண்டியைத் தூக்காது, தானே கீழே இறங்கும். பலகை இருந்தால் நிற்கும். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது.

7. கயிறு, கடைசியாக

மேலே உள்ளவை எல்லாம் டிக்கியில் ஏறியபின் கயிறு பற்றி யோசியுங்கள். இதில் தப்பு நடந்தால் உயிர் போகும், அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

கடையில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு பட்டைகள் உண்டு. ஒன்று பாலியெஸ்டர் டோ பெல்ட். நீளாது. மெதுவாக, ஒரே சீராக இழுக்க. மற்றது நைலான் ஸ்நாட்ச் பெல்ட். 20 சதவீதம் வரை நீண்டு, ரப்பர் மாதிரி சக்தியைச் சேர்த்துவைத்து, புதைந்த வண்டியைச் சுண்டி இழுக்கும். அது 30 சதவீதம் வரை நீளும் கயிறு வடிவத்திலும் வருகிறது. நீளாத பட்டையை வைத்துக்கொண்டு முன்வண்டி ஓடி வந்து சுண்டினால், அந்த முழு அடியும் டோ ஹூக்கின் மேல் விழும். நீளும் பட்டையில் சுண்டும்போது ஹூக் பிய்ந்தால், அந்த இரும்பு கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரும்.

என் முடிவு: திருகி மாட்டும் டோ ஹூக் உள்ள சின்னக் காருக்கும் நகரத்து எஸ்.யு.வி.க்கும் ஸ்நாட்ச் பெல்ட் வேண்டாம். அந்த ஹூக் கெட்டித் தரையில், நேர்க்கோட்டில், மெதுவாக இழுப்பதற்காக வைத்தது. பாலியெஸ்டர் டோ பெல்ட் வாங்குங்கள், மணலை முழுக்கத் தோண்டிவிட்டு இழுங்கள். தார், ஸ்கார்பியோ, ஃபார்ச்சூனர் போல ஏணிச் சட்டத்தின் மேல் கட்டிய வண்டி, சட்டத்தில் போல்ட் போட்ட மீட்புக் கொக்கி முன்னும் பின்னும் இருக்கிறது, கூட வரும் வண்டியிலும் இருக்கிறது என்றால் ஸ்நாட்ச் பெல்ட்டை யோசிக்கலாம். அதையும் பழகியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான்.

அளவு: இரண்டு வண்டியில் எடை குறைந்தது எதுவோ, அதன் மொத்த எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு அறுபடும் பலம். 1.8 டன் கார் என்றால் 4 முதல் 5 டன். கனமாக இருந்தால் நல்லதுதானே என்று 12 டன் ஸ்நாட்ச் பெல்ட் வாங்கிவிடுகிறார்கள்; லேசான காருக்கு அது நீளவே நீளாது, இரும்புக் கம்பி மாதிரி அடிக்கும். நீளம் 8 அல்லது 9 மீட்டர். இழுக்கிற வண்டி கெட்டித் தரையில் நிற்க அந்தத் தூரம் வேண்டும். மூன்று மீட்டர் கயிறு கட்டினால் இரண்டு வண்டியும் ஒரே குழியில் நிற்கும்.

இரண்டு முனையிலும் தைத்த காது இருக்க வேண்டும். இரும்புக் கொக்கி தைத்த மலிவுக் கயிறுகளைத் தொடாதீர்கள், பிய்ந்தால் அந்தக் கொக்கிதான் பறக்கும். படகுக் கயிறு கடற்கரையில் எளிதாகக் கிடைக்கும், பார்க்கத் தடிமனாகவும் இருக்கும். ஆனால் வெயிலிலும் உப்பிலும் எத்தனை வருடம் கிடந்தது என்று தெரியாது. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் பாதிவரை குறையும். இறுகிய முடிச்சை அவிழ்க்கவும் முடியாது.

8. ஷாக்கிள், கையுறை, போர்வை

பெல்ட்டை வண்டியோடு இணைக்க வில் வடிவ ஷாக்கிள் (பின் திருகிப் பூட்டும் இரும்பு வளையம்) இரண்டு. அதன் உடம்பிலேயே தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும்: சின்ன வண்டிக்கு 3.25 டன், பெரிய வண்டிக்கு 4.75 டன். பொறிப்பு இல்லாத ஹார்டுவேர் கடைச் சாமான் கேட் பூட்ட ஆகும், காரை இழுக்க ஆகாது. பின்னைக் கையால் இறுக்கி, அரைச் சுற்றுக்கும் குறைவாகப் பின்னால் விடுங்கள், இழுத்தபின் சிக்கிக்கொள்ளாது.

நாரில் பின்னிய மென் ஷாக்கிள் இன்னும் நல்லது. லேசாக இருக்கும், அறுந்தாலும் இரும்பு பறக்காது. ஆனால் டோ ஹூக்கின் துளை விளிம்பு கூராக இருந்தால் அது வெட்டுப்படும். விரலால் தடவிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பெல்ட்டின் நடுவில் போட ஒரு கனமான போர்வை அல்லது ஈர மணல் நிரப்பிய சாக்கு. அறுந்தால் அது பட்டையைத் தரையோடு அமுக்கும். தோல் கையுறை ஒரு ஜோடி. நெற்றியில் மாட்டும் டார்ச் இரண்டு, ஏனென்றால் பல வண்டிகள் இருட்டிய பின்புதான் புதைகின்றன.

9. வாங்க வேண்டாதவை

வின்ச் (வண்டியில் மாட்டும், வடம் சுற்றி இழுக்கும் மோட்டார்) வேண்டாம். திறந்த கடற்கரையில் அதைக் கட்ட மரமே இருக்காது. குடும்பக் காரின் பம்பர் அதைத் தாங்கவும் தாங்காது. ஆள் உயர ஹை-லிஃப்ட் ஜாக்கி வேண்டாம். அது கவ்வுவதற்கான இடம் உங்கள் காரில் இல்லை, கைப்பிடி திருப்பி அடித்தால் தாடை போகும். இரும்பு வடம், சங்கிலி இரண்டும் வேண்டாம்.

10. வீட்டு வாசலில் ஒத்திகை

கிளம்பும் முன் ஒரு ஞாயிறு காலை ஒதுக்குங்கள். நான்கு டயரையும் 18க்கு இறக்கி, திரும்ப அடியுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதி வையுங்கள். வயர் எட்டவில்லை, ஃபியூஸ் போய்விட்டது, வால்வு மூடி கழலவில்லை என்று எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த இன்னொருவரும் இதைச் செய்து பார்க்க வேண்டும். உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அவர்தான் செய்ய வேண்டியிருக்கும்.

அடுக்குவதிலும் வரிசை உண்டு. கேஜ், கம்ப்ரஸர், கையுறை, டார்ச் ஆகியவை உள்ளே, சீட்டுக்கு அடியில். மம்பட்டியும் பலகையும் டிக்கியின் மேலே. டென்ட், பாய், அடுப்பு, பாத்திரம் இவற்றுக்கு அடியில் மீட்புச் சாமானை வைத்தால், எடுக்க ஒவ்வொன்றாக மணலில் இறக்க வேண்டும். குடிதண்ணீர் ஆளுக்கு ஐந்து லிட்டராவது தனியாக வையுங்கள். மணல் தோண்டுகிறவர் நிறையக் குடிப்பார்.

11. புதைந்தபின் செய்ய வேண்டிய வரிசை

வண்டி தடுமாறியதும் பிரேக்கை அழுத்தாதீர்கள். அழுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவியும். தானாக நிற்க விடுங்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சும்மா சுழன்றதுமே காலை எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் கொடுத்தால் வந்துவிடும் என்று தோன்றும். அந்தக் கொஞ்சத்தில்தான் வண்டி அச்சுவரை இறங்குகிறது. கிளட்ச் கருகும் வாடையும் அப்போதுதான் வரும்.

எல்லோரையும் இறக்குங்கள். பிள்ளைகள் ஒரு பெரியவரோடு தள்ளி நிழலில். அப்புறம் டயர் 16க்கு. அடுத்து மம்பட்டி: முதலில் அடிவயிற்றுக்குக் கீழே, பிறகு நான்கு சக்கரத்துக்கும் எந்தப் பக்கம் நகரப் போகிறதோ அந்தப் பக்கம் சரிவாக. புதியவர்கள் சக்கரத்தை மட்டும் தோண்டிவிட்டு அடிவயிற்றை விட்டுவிடுகிறார்கள். வண்டி மணல்மேட்டில் படுத்திருக்கும்வரை சக்கரத்தில் எடையே விழாது, பிடிப்பும் வராது.

முதல் முயற்சி பின்னோக்கி, வந்த தடத்திலேயே. அந்த மணல் ஏற்கெனவே அழுந்திக் கெட்டியாகியிருக்கிறது. ஸ்டியரிங் நேராக, டிராக்‌ஷன் கன்ட்ரோல் பட்டன் அணைத்து, மெதுவாக. அந்தப் பட்டன் போட்டபடி இருந்தால் சக்கரம் வழுக்கும் ஒவ்வொரு தடவையும் வண்டியே இஞ்சின் வேகத்தைக் குறைத்துவிடும். வரவில்லையென்றால் பலகை, இழுக்கும் சக்கரத்துக்கு நெருக்கமாகச் செருகி. வெளியே வந்ததும் நிற்காமல் கெட்டித் தரைவரை போய்விட்டுத்தான் நிறுத்த வேண்டும். பலகையை எடுக்கத் திரும்ப நடந்து வரலாம்.

12. டிராக்டர் வந்தால்

ஊருக்குள் ஆள் அனுப்பினால் பெரும்பாலும் டிராக்டர்தான் வரும். ஓட்டுகிற அண்ணனுக்கு மணல் உங்களைவிட நன்றாகத் தெரியும், உங்கள் காரின் கொக்கி தெரியாது. அதனால் கட்டும் வேலையை நீங்கள் செய்யுங்கள். "அண்ணே, சங்கிலி வேண்டாம், என்கிட்ட பெல்ட் இருக்கு, முதல் கியர்ல மெதுவா இழுங்க" என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். சஸ்பென்ஷன் கையிலோ அச்சிலோ பம்பரிலோ கட்டினால் கார் வெளியே வரும், கூடவே அதுவும் பிய்ந்து வரும்.

பெல்ட் விறைக்கும்வரை டிராக்டர் ஊர்ந்து வரட்டும், அப்புறம் இழுக்கட்டும். காருக்குள் ஓட்டுபவர் மட்டும். சுற்றி நிற்பவர்கள் பெல்ட் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டில். 9 மீட்டர் பெல்ட்டுக்கு 14 மீட்டர். உதவிக்கு ஓடி வரும் ஊர்ப் பிள்ளைகளையும் தள்ளி நிறுத்துங்கள். அவர்களுக்குத்தான் ஆவல் அதிகம், பெல்ட்டைத் தாண்டித் தாண்டி ஓடுவார்கள்.

அடிபட்டால் 108. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்து ஆள் சிக்கியிருந்தால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. சில கரைகளில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். தார்ச்சாலையை விடும் முன்பே வீட்டுக்கு இடத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

13. தார்ச்சாலை ஏறியபின்

ஏறியதும் முதல் வேலை காற்று. 33க்குப் போகும்வரை 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம். வீல் நட்டுகளை ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள்.

அன்றைக்கே அல்லது மறுநாளே நல்ல தண்ணீரில் வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்; சக்கரக் குழி, பிரேக் தட்டு, சட்டத்தின் மடிப்பு எல்லாம். கரையோர மணலில் உப்பு இருக்கிறது, வெளியே தெரியாத மடிப்பில்தான் துரு தொடங்கும். ஷாக்கிள் பின்னுக்கு ஒரு சொட்டு எண்ணெய்.

பெல்ட்டை நல்ல தண்ணீரில் முக்கி அலசுங்கள். நூலுக்குள் நிற்கும் மணல்துகள் அடுத்த இழுப்பில் உள்ளிருந்தே அறுக்கும். நிழலில் காயப்போட்டு, காய்ந்தபின் முழு நீளத்தையும் விரலுக்கிடையே விட்டுப் பாருங்கள். ஓரத்தில் வெட்டு, உருகின இடம், தையல் விட்ட காது, எது தெரிந்தாலும் அந்தப் பெல்ட் முடிந்தது. இரண்டாக வெட்டித்தான் குப்பையில் போட வேண்டும். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து ஒரு வண்டியை இழுத்துவிடுவார்கள்.